"எவ்வளவு எடுப்பீங்கள்?" கலை வேலைக்கு விலை சொல்லுற கணக்கு



இந்தத் தடவை செயலி, கருவி எதைப் பற்றியும் எழுதப் போவதில்லை. எங்கட ஆட்களில் லோகோ கீறுகிறவர்கள், கலியாணத்துக்கும் அரங்கேற்றத்துக்கும் படம் எடுக்கிறவர்கள், குறும்படத்துக்கு இசையமைக்கிறவர்கள், யூரியூப்புக்கு எடிட் செய்கிறவர்கள் என்று நிறையப் பேர் வந்துவிட்டார்கள். சிலருக்கு அது பகுதிநேரம், சிலருக்கு அதுதான் சாப்பாடு. வேலை நன்றாகத் தெரியும். "அப்ப எவ்வளவு எடுப்பீங்கள்?" என்று யாராவது கேட்டால்தான் திணறல் தொடங்கும்.

நான் கலைஞன் இல்லை, ஐ.ரி. கொன்ராக்டர். ஆனால் வியாபாரப் பக்கம் பார்த்தால் உங்களுக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. லீவு எடுத்தால் சம்பளம் இல்லை, வருத்தம் வந்தால் சம்பளம் இல்லை, இன்வொய்ஸ் அனுப்பாவிட்டால் காசு வராது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் உங்கள் நிலைமை என்னுடையதைவிட நல்லது. அது பலருக்குத் தெரியாது. அதிலிருந்து தொடங்குவம். சட்டமும் எண்களும் பிரித்தானியாவுக்கு உரியவை. மற்ற நாடுகளில் இருப்பவர்களுக்குக் கடைசியில் ஒரு பந்தி இருக்கு.

நீங்கள் விற்பது என்ன?

என்னுடைய ஒப்பந்தங்களில் வழமையாக ஒரு வரி இருக்கும்: நான் எழுதுகிற கோட் முழுவதும் வாடிக்கையாளருக்குச் சொந்தம். அதற்கும் சேர்த்துத்தான் நாள் கட்டணம். வேலை முடிந்தால் என் கையில் ஒன்றும் மிஞ்சாது.

உங்கள் விஷயத்தில் தொடக்கப் புள்ளியே வேறு. 1988ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியராக இருந்து வேலையின் பகுதியாகச் செய்தால் உரிமை முதலாளிக்கு. சுயதொழிலாகச் செய்தால் உரிமை உருவாக்கியவருக்கு. காசு கொடுத்துச் செய்வித்தவர் என்றாலும், உரிமை முழுதாக அவரிடம் போக வேண்டுமென்றால் நீங்கள் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். அப்படி எழுத்து இல்லையென்றால், பொதுவாக அவருக்குக் கிடைப்பது எதற்காக வேலை கேட்டாரோ அதற்குப் பாவிக்கிற அனுமதி மட்டும்தான்.

மென்பொருள் உலகத்தில் இது பழகிய விஷயம். நீங்கள் காசு கட்டி ஒரு மென்பொருளைப் பாவிக்கிறீர்கள்; அந்த மென்பொருள் உங்களுக்குச் சொந்தமாகி விடாது. உங்களிடம் இருப்பது லைசன்ஸ். ஒரு ஆள் பாவிக்க ஒரு விலை, ஆயிரம் பேர் வேலை செய்யும் கொம்பனி பாவிக்க இன்னொரு விலை. கோட் அதேதான். எழுதப் போன நேரமும் அதேதான். விலை மாறுவது பாவனையால்.

ஆகவே ஒவ்வொரு வேலையிலும் நீங்கள் இரண்டு பொருள் விற்கிறீர்கள். ஒன்று நேரம். மற்றது பாவிக்கிற உரிமை. இரண்டையும் ஒரே எண்ணில் அமுக்கிச் சொல்வதால்தான் பெரும்பாலான பிரச்சினை.

எழுதாமல் விட்டால் யாருக்கு லாபம்?

"சட்டம் என் பக்கம் இருக்கு, அப்ப எழுதாமல் விட்டால் எனக்குத்தானே நல்லது" என்று நினைக்க வேண்டாம். டொக்ரர் மார்ட்டின்ஸ் சப்பாத்து எல்லாருக்கும் தெரியும். 1988இல் அதற்கு ஒரு லோகோ வேண்டும் என்று கொம்பனி விளம்பர நிறுவனத்தைக் கேட்டது. அந்த நிறுவனம் ஒரு சுயாதீன வடிவமைப்பாளரிடம் வேலையைக் கொடுத்தது. அவருக்கு மணித்தியாலத்துக்கு 15 பவுண். பதிப்புரிமை பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. வருடங்கள் கழித்து அவர் அந்த லோகோவில் தனக்கு இருந்த உரிமையை ஒரு அவுஸ்திரேலியச் சப்பாத்துக் கொம்பனிக்கு எழுதிக் கொடுத்தார். வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், 2005இல் தீர்ப்பு வந்தது: லோகோவின் உரிமை டொக்ரர் மார்ட்டின்ஸ் கொம்பனிக்கே சேர வேண்டும்.

காரணம் எளிது. லோகோ என்பது வியாபாரத்தின் முகம். மற்றவர்கள் அதைப் பாவிப்பதைத் தடுக்க முடியாவிட்டால் கொம்பனிக்கு அந்த லோகோவால் பிரயோசனம் இல்லை. எழுத்து இல்லாத இடத்தில், அந்த வேலை எதற்காகக் கேட்கப்பட்டது என்று நீதிமன்றம் பார்க்கிறது. லோகோவில் அது வாடிக்கையாளர் பக்கம் சாய்ந்தது. ஆகவே லோகோ கேட்டு வந்தால், முழு உரிமையும் போகப்போகிறது என்று வைத்தே விலை சொல்லுங்கள். ஒரு ஓவியமோ புகைப்படமோ என்றால் லைசன்ஸ் மட்டும் கொடுக்கலாம். எதுவானாலும் எழுதி வையுங்கள்.

முதல் எண்: ஒரு நாளின் விலை

முதலில் நேரத்தின் விலை. எக்செல் திறந்து ஒரு பத்து நிமிடம் இருங்கோ.

வருடத்துக்கு 24,000 பவுண் கையில் வேண்டும் என்று வைப்போம். பலர் செய்கிற கணக்கு: 24,000ஐ வருடத்தின் 260 வேலை நாட்களால் பிரித்தால் 92 பவுண். "அப்ப நாளுக்கு 100 கேட்டால் காணும்." இந்தக் கணக்கில் மூன்று ஓட்டை இருக்கு.

ஒன்று, நாட்கள். 52 வாரத்தில் விடுமுறைக்கு 5, வருத்தத்துக்கும் வேலை இல்லாத காலத்துக்கும் 3 கழித்தால் 44 வாரம், அதாவது 220 நாள். அதில் பாதி மின்னஞ்சல், வாடிக்கையாளர் தேடல், கணக்கு, மென்பொருள் பழகுவது என்று போய்விடும். காசு வருகிற நாள் 110 என்று வையுங்கள்.

இரண்டு, வரி. 2025–26 வரியாண்டில் 12,570 பவுணுக்கு மேல் வருகிற இலாபத்துக்கு, 50,270 வரை, 20 வீதம் வருமான வரி, 6 வீதம் தேசிய காப்புறுதி. 24,000 கையில் நிற்க வேண்டுமென்றால் இலாபம் ஏறக்குறைய 28,000 வேண்டும். மாணவர் கடன் இருந்தால் அதுவும் இந்த வரி விவரத்தோடுதான் அறவிடப்படும்.

மூன்று, செலவு. கமரா, லென்ஸ், மென்பொருள் சந்தா, காப்புறுதி, பயணம். 4,000 என்று வைத்தால் மொத்தம் 32,000.

32,000ஐ 110ஆல் பிரித்தால் 291 பவுண். 92க்கும் 291க்கும் இடையில் எவ்வளவு தூரம் பாருங்கள். நாளுக்கு நூறு பவுணுக்கு வேலை செய்கிற ஆள் சோம்பேறி இல்லை, திறமை இல்லாதவரும் இல்லை. கணக்கு பிழை. இரண்டு வருடம் இரவு பகலாக வேலை செய்துவிட்டு, "இந்தத் துறையில காசு இல்லை" என்று கமராவை விற்றுவிட்டுப் போகிறார். எங்கட சமூகம் நல்ல ஆட்களை இழக்கிறது பெரும்பாலும் இப்படித்தான்.

இந்த 291 நீங்கள் வெளியில் சொல்ல வேண்டிய எண் இல்லை. இதற்குக் கீழே போனால் நட்டம் என்று உங்களுக்கு மட்டும் தெரிய வேண்டிய எண். வாடிக்கையாளருக்கு முழு வேலைக்கும் சேர்த்து ஒரு விலை சொல்லுங்கள். நாளுக்கு என்று சொன்னால், நீங்கள் வேகமாக வேலை செய்யச் செய்ய உங்கள் வருமானம் குறையும்.

இரண்டாவது எண்: பாவனை

நேரத்தின் விலைக்கு மேல் பாவனையின் விலை. மூன்று கேள்வி கேட்டால் போதும். எங்கே பாவிப்பீங்கள்? எவ்வளவு காலம்? வேறு ஆட்களுக்கும் நான் இதைக் கொடுக்கலாமா?

ஒரு உணவகத்துக்கு அப்பம் படம் எடுக்கிறீர்கள். அது அவர்களுடைய இன்ஸ்ராகிராமில் ஒரு வருடம் வரப்போகிறது என்றால் ஒரு விலை. அதே படம் கடைகளில் விற்கிற உறைந்த உணவுப் பெட்டியில் அச்சாகப் போகிறது என்றால் வேறு விலை. இரண்டாவதில் உங்கள் படம் ஒவ்வொரு பெட்டியையும் விற்க உதவுகிறது. அரை நாள் வேலைதானே என்று இரண்டுக்கும் ஒரே விலை சொன்னால், வித்தியாசத்தை நீங்கள் சும்மா கொடுக்கிறீர்கள்.

ஒரு பக்க ஒப்பந்தம்

வக்கீல் தேவையில்லை. சின்ன வேலைகளுக்கு ஒரு மின்னஞ்சலும் அவர்களிடமிருந்து "சரி" என்ற பதிலும் போதும். இவை இருக்க வேண்டும்:

– என்ன வேலை, எத்தனை படம் அல்லது எத்தனை நிமிடம், எந்த வடிவத்தில் கொடுப்பீர்கள்.
– எத்தனை தடவை திருத்தம். இரண்டு என்று எழுதி, அதற்கு மேல் என்றால் தனிக் கட்டணம் என்று எழுதுங்கள்.
– மொத்த விலை, முற்பணம் எவ்வளவு, மிச்சம் எப்போது. பாதி முற்பணம் கேட்பது வழமையான விஷயம். வெட்கப்பட ஒன்றும் இல்லை.
– இடையில் நிற்பாட்டினால் எவ்வளவு கட்ட வேண்டும்.
– பாவனை: எங்கே, எவ்வளவு காலம். "காசு முழுதாக வந்த பிறகுதான் இந்த அனுமதி நடைமுறைக்கு வரும்" என்ற வரியைக் கட்டாயம் சேருங்கள்.
– உங்கள் பெயர் போடுவது. ஆசிரியராக அடையாளம் காட்டப்படும் உரிமை பிரித்தானியச் சட்டத்தில் இருக்கு. ஆனால் அதை நீங்கள் எழுத்தில் கோர வேண்டும். ஒரு வரி காணும்.
– எழுத்தில் அனுமதி வாங்காமல் செயற்கை நுண்ணறிவு மொடல்களைப் பயிற்றுவிக்க இந்த வேலையைப் பாவிக்கக் கூடாது. இந்த வரியை இப்ப எல்லாரும் சேர்க்க வேண்டும்.

பெரிய நிறுவனங்கள் தங்கள் ஒப்பந்தத்தைத்தான் அனுப்பும். அதில் உரிமை முழுவதும் கை மாறுகிற வரியைத் தேடிப் பிடியுங்கள். இருந்தால் சண்டை வேண்டாம். "முழு உரிமை என்றால் விலை இது, லைசன்ஸ் என்றால் விலை இது" என்று இரண்டு எண் அனுப்புங்கள். பல நேரம் அவர்களுக்கு லைசன்ஸே போதும். யாரும் கேட்காததால் அந்த வரி பழைய ஒப்பந்தத்திலிருந்து அப்படியே வந்திருக்கும்.

இசைக்காரர்களுக்குத் தனியாக

2017இல் எஸ்.பி.பி. அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்த நேரம், தன் பாடல்களை அனுமதியில்லாமல் பாடக் கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. வீட்டில் அப்பா அம்மா எந்தப் பக்கம் என்று வாதாடியது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். யார் சரி என்பது இங்கே விஷயம் இல்லை. பாடியவர், இசையமைத்தவர், வரி எழுதியவர், பதிவு செய்தவர் என்று ஒரு பாட்டுக்குள் பல உரிமை இருக்கு என்பதுதான் விஷயம்.

பிரித்தானியாவில் இதற்கு இரண்டு பெட்டி. மெட்டும் வரியும் ஒரு பெட்டி. அதை எழுதினவர்களுக்குப் பொதுவில் ஒலிக்கும்போது வரும் பணத்தை பி.ஆர்.எஸ். சேர்த்துக் கொடுக்கிறது. ஒலிப்பதிவு மற்றப் பெட்டி; அதில் பாடினவர், வாசித்தவர், பதிவின் சொந்தக்காரர் ஆகியோருக்கு பி.பி.எல். கொடுக்கிறது. நீங்களே எழுதி நீங்களே பாடியிருந்தால் இரண்டிலும் பதிய வேண்டும். ஒன்றில் மட்டும் பதிந்தால் மற்றப் பெட்டியின் காசு உங்களைத் தேடி வராது.

இரண்டு மூன்று பேர் சேர்ந்து பாட்டுச் செய்தால், யாருக்கு எத்தனை வீதம் என்று அன்றைக்கே ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். பாட்டு ஓடாத நேரம் அது ஐந்து நிமிட வேலை. ஓடின பிறகு அது நட்பை முறிக்கிற வேலை.

"எங்கட பிள்ளைதானே"

இனி உண்மையான கஷ்டத்துக்கு வருவம். வெள்ளைக்கார வாடிக்கையாளரிடம் விலை சொல்லப் பழகிவிடலாம். சங்கத்துத் தலைவர் அங்கிள் வந்து, "பிள்ளை, ஆண்டு விழாவுக்கு ஒரு போஸ்டர் செய்து தாங்கோ, சின்ன வேலைதானே" என்றால்? அவர் உங்களை ஏமாற்ற வரவில்லை. அவர்களுடைய காலத்தில் சமூக வேலை எல்லாம் சும்மாதான் செய்தார்கள். பள்ளிக்கூடம் தொடங்கினது, கோயில் கட்டினது, எல்லாம் அப்படித்தான். ஆனால் அவர்களுக்கு மாதச் சம்பளம் வேறு இடத்திலிருந்து வந்தது. உங்களுக்கு இதுதான் சம்பளம்.

மாட்டேன் என்று சொல்லவும் வேண்டாம், மௌனமாகச் செய்து கொடுத்து மனத்துக்குள் கறுவவும் வேண்டாம். இன்வொய்ஸ் அனுப்புங்கள். முழு விலையைப் போட்டு, அதற்குக் கீழே "சமூகக் கழிவு" என்று ஒரு வரி. இப்படி ஒரு செய்தி அனுப்பலாம்:

"அங்கிள், கட்டாயம் செய்து தாறன். இந்த வேலைக்கு வழமையா 600 பவுண் எடுக்கிறனான். சங்கத்துக்கு எண்டபடியால் 300 போதும். ரெண்டையும் இன்வொய்ஸில போட்டு அனுப்புறன். போஸ்டரில என்ர பேரை மட்டும் மறக்காமல் போட்டு விடுங்கோ."

முழுவதும் இலவசமாகச் செய்ய விரும்பினாலும் இதே மாதிரித்தான்: 600, கழிவு 600, கட்ட வேண்டியது பூச்சியம். உங்கள் வேலையின் பெறுமதி அவர்களுடைய கோப்பில் எழுத்தில் இருக்கும். அடுத்த வருடம் உங்களுக்கு நேரம் இல்லாமல் வேறொரு பிள்ளையிடம் போகும்போது, சங்கத்துக்கு அந்த எண் தெரிந்திருக்கும். ஒரு விஷயம்: அப்படிச் சும்மா கொடுத்த நேரத்தை வரியில் செலவாகக் காட்ட முடியாது. ஆகவே வருடத்துக்கு எத்தனை இலவச வேலை என்று முதலே ஒரு எல்லை வையுங்கள்.

காசு வராவிட்டால்

கலியாணம், சாமத்திய வீடு போன்ற தனிப்பட்ட வேலைகளில் வழி ஒன்றுதான்: முற்பணம் முதலில், மிச்சம் படங்களைக் கொடுப்பதற்கு முன்.

வாடிக்கையாளர் ஒரு வியாபாரம் என்றால் 1998ஆம் ஆண்டின் தாமதக் கொடுப்பனவுச் சட்டம் உங்களுக்குத் துணை. திகதி ஒன்றும் பேசாவிட்டால் 30 நாள் தவணை. அதற்குப் பிறகு இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வீதத்துக்கு மேல் 8 வீதம் வட்டி கேட்கலாம். அதோடு 1,000 பவுணுக்குக் குறைந்த கடனுக்கு 40 பவுண், 10,000க்குக் குறைந்ததுக்கு 70, அதற்கு மேல் 100 என்று நிலையான இழப்பீடும் உண்டு. பெரும்பாலும் இதைக் கேட்கவே தேவை வராது. இன்வொய்ஸின் அடியில் இந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டு ஒரு வரி போட்டால், கணக்குப் பிரிவில் உங்கள் தாள் மேலே வந்துவிடும். கடைசி வழியாக, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண் வரை சிறு கோரிக்கை நீதிமன்றத்துக்கு இணையத்திலேயே போகலாம்.

வரி: நான்கு எண்கள்

1,000 பவுண்: வரியாண்டு ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை. அதற்குள் சுயதொழிலால் வந்த மொத்தத் தொகை, செலவு கழிக்க முன், இதைத் தாண்டினால் பதிய வேண்டும்.

ஒக்ரோபர் 5: அந்த வரியாண்டு முடிந்த பிறகு வருகிற இந்தத் திகதிக்குள் எச்.எம்.ஆர்.சி.யில் பதிய வேண்டும்.

ஜனவரி 31: இணையத்தில் விவரம் கொடுத்து வரி கட்டும் கடைசி நாள். முதல் தடவை பலர் இங்கேதான் அதிர்ந்து போவார்கள். வரி 1,000 பவுணைத் தாண்டினால் பெரும்பாலும் அடுத்த வருடத்துக்கு முற்கொடுப்பனவும் கேட்பார்கள். வரி 2,000 வந்தால் ஜனவரியில் 3,000 கட்ட வேண்டும், யூலை 31க்குள் இன்னும் 1,000. இதற்கு மருந்து ஒன்றுதான். வியாபாரத்துக்குத் தனி வங்கிக் கணக்கு திறந்து, காசு வருகிற அன்றைக்கே 25 முதல் 30 வீதத்தை வேறு சேமிப்புக்கு மாற்றி வையுங்கள். அது உங்கட காசு இல்லை.

90,000 பவுண்: 12 மாத விற்பனை இதைத் தாண்டினால் வற் வரிக்குப் பதிய வேண்டும்.

இன்னொன்று. ஏப்ரல் 2026இலிருந்து, சுயதொழில், வாடகை மொத்த வருமானம் 50,000 பவுணைத் தாண்டுகிறவர்கள் மென்பொருள் மூலம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை விவரம் அனுப்ப வேண்டும். 2027இல் அந்த எல்லை 30,000, 2028இல் 20,000. பற்றுச்சீட்டுகளைச் சப்பாத்துப் பெட்டியில் போட்டு வைக்கிற காலம் முடிகிறது.

வேறு நாட்டில் இருந்தால்

விலைக் கணக்கும் ஒப்பந்தமும் எங்கேயும் ஒன்றுதான், எண்கள் மாறும். கனடாவில் ஜி.எஸ்.ரி. பதிவுக்கான எல்லை 30,000 டொலர். சுயதொழில் செய்கிறவர்கள் வரி விவரம் கொடுக்க யூன் 15 வரை நேரம் இருந்தாலும், காசு கட்ட வேண்டிய நாள் ஏப்ரல் 30. அமெரிக்க வாடிக்கையாளர் "வேர்க் மேட் ஃபோர் ஹயர்" என்ற சொற்களுள்ள ஒப்பந்தம் அனுப்பினால் நின்று வாசியுங்கள். அவை உரிமை முதலிலிருந்தே அவர்களுடையது என்று சொல்லுகிற சொற்கள்.

இந்த வாரம் செய்ய மூன்று வேலை

உங்கள் நாள் கணக்கைப் போட்டு, உங்கள் "291" எவ்வளவு என்று கண்டுபிடியுங்கள். மேலே உள்ள பட்டியலை வைத்து ஒரு பக்க ஒப்பந்த மாதிரி எழுதிச் சேமித்து வையுங்கள். போன வருடம் செய்த மூன்று வேலையை எடுத்து, ஒவ்வொன்றிலும் பாவிக்கிற உரிமை யாரிடம் இருக்கு, அது எங்கே எழுதியிருக்கு என்று தேடிப் பாருங்கள். எங்கேயும் எழுதாமல் இருந்தால், இப்ப கூட ஒரு மின்னஞ்சல் அனுப்பி உறுதிப்படுத்தலாம்.

அடுத்த முறை யாராவது "எவ்வளவு?" என்று கேட்டால் உடனே எண் சொல்ல வேண்டாம். "எங்க பாவிக்கப் போறீங்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள்.

அடுத்த எபிசோட்டில் சந்திப்பம்.